நாயோடு மூன்று நாள் கூடாரம்: நெல்லைச் சீமையில் எங்கே தங்குவது?

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில் கூடாரத் துணி, அடுப்பு, மூன்று நாளுக்கான அரிசி பருப்பு ஆகியவற்றோடு எங்கள் நாய் செவலையையும் காரில் ஏற்றிக்கொண்டு பாபநாசம் வனத்துறைச் சோதனைச் சாவடி வரை சென்றோம். சென்ற வேகத்திலேயே திரும்பி வந்தோம். காவலர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. காரின் பின்னிருக்கையைப் பார்த்தார், "நாய உள்ள விட முடியாது அண்ணாச்சி, வேணும்னா ஒருத்தர் நாயோட கீழ இருங்க" என்றார். தவறு முழுக்க எங்களுடையது. புலிகள் காப்பகத்துக்குள் வீட்டு நாயை அழைத்துச் செல்ல முடியாது என்பது விசாரித்திருந்தால் ஒரே தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கும். அருவி, அணை, மலைக்கோயில் என்று எல்லாரும் போகும் இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு திட்டம் போட்டோமே தவிர, அந்தப் பட்டியலில் நாய்க்குக் கதவு திறக்கும் இடம் எது என்று நாங்கள் பார்க்கவில்லை.

இந்த ஆண்டு அதே போல மூன்று நாளுக்காக மறுபடியும் கணக்குப் போட்டபோது நான்கு வாய்ப்புகள் முன்னால் நின்றன: மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், குற்றாலத்தைச் சுற்றிய ஊர்கள், தாமிரபரணிக் கரைத் தோப்புகள், உவரி முதல் மணப்பாடு வரையான கடற்கரையும் அதன் பின்னால் கிடக்கும் தேரி என்ற செம்மணல் காடும். தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. மணப்பாடு தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் கூடாரம் போடப் போகிறவனுக்கு இவை யாவும் ஒரே நெல்லைச் சீமைதான். நான்கையும் ஒப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே. விடிந்ததிலிருந்து அடையும் வரை நாயை எங்காவது தனியே விட்டுவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் எத்தனை முறை வரும்? அந்த எண்ணிக்கை குறைவாக உள்ள இடமே நல்ல இடம். காட்சி அழகு, சாப்பாட்டு வசதி, கழிப்பறை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

முதலில் மலை. முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு, 1988-இல் இரண்டும் இணைக்கப்பட்டுத் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாயின. மையப் பகுதி மட்டும் ஏறக்குறைய 900 சதுர கிலோமீட்டர். அகத்தியர் அருவி, காரையாறு அணை, பாணதீர்த்தம், சொரிமுத்து அய்யனார் கோயில், மணிமுத்தாறு அருவி, மாஞ்சோலை, களக்காடு தலையணை, திருக்குறுங்குடி மலைநம்பி கோயில் என்று நம் விருந்தினர்களுக்கு நாம் பெருமையோடு காட்டும் இடங்கள் எல்லாமே சோதனைச் சாவடிக்கு அப்பால் இருப்பவை; அவை எதுவும் நாய்க்கு இல்லை. இதைச் சிலர் வனத்துறையின் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். காரணம் அவ்வளவு சிறியது அன்று. வீட்டு நாயிடமிருந்து டிஸ்டெம்பர், ரேபிஸ் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது, அவற்றில் சிலவற்றின் உடலில் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது கண்டறியப்பட்டது. சரணாலயத்தின் உள்ளும் அதன் எல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே சொல்வது இந்த அச்சத்தால்தான். நம் நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்று வாதாடுவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நாயின் வாடையும் குரைப்பும் மட்டுமே போதும், மிளா கூட்டம் அன்றைக்குத் தண்ணீர்த்துறைக்கு இறங்காது.

அப்படியானால் சாவடிக்கு இந்தப் பக்கம், அடிவாரத்திலேயே யாருடைய தோட்டத்திலாவது கூடாரம் போட்டால் என்ன என்ற யோசனை அடுத்து வரும். விக்கிரமசிங்கபுரம், கடையம், களக்காடு சுற்றுவட்டாரங்களில் மலையைப் பார்த்தபடி மாந்தோப்பும் தென்னந்தோப்பும் நிறையவே உண்டு. காலையில் மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கும் சுகத்துக்கு ஈடு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவு வேறு கதை. 2024 மே மாதத்தில் பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரத்தில் வனத்துறை கூண்டு வைத்துச் சிறுத்தை பிடித்ததை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். சிறுத்தைக்கு ஆட்டைவிட நாய் எளிய இரை. கட்டிப் போட்ட நாய் அதைவிட எளியது. கூடாரத் துணி அதற்கு ஒரு தடையே இல்லை. கரடியும் இந்த ஊர்களுக்குள் வந்துபோகிறது. இவற்றுக்கும் மேலாக நான் அஞ்சுவது காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைத்தான். கொழுப்போ மாவோ தடவி வரப்போரம் போடப்படும் அந்த நாட்டுவெடியை வைப்பது குற்றம். இருந்தும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், மோந்து பார்த்துக் கடிக்கும் நாய்க்கு அது தெரியாது. ஆகவே அடிவாரத்தை நான் முழுதாக விலக்கிவிட்டேன். பகலில் ஒரு நடை போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்புவதானால் சரி, இரவு தங்கல் கூடாது.

போகிற போக்கில் இன்னும் இரண்டு பெயர்களை அடித்துவிடலாம். ராம்சார் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைக்கூட விட்டுவிட்ட ஊர் அது. வல்லநாட்டு வெளிமான் சரணாலயம் 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் மட்டுமே பரப்புள்ளது. மானை விரட்டும் நாய்க்கு அங்கே ஒரு மணி நேரம்கூட வேலை இல்லை. இரண்டுக்கும் நாயில்லாத நாளில் போகலாம்.

குற்றாலத்தைப் பற்றி நான் முன்பு வைத்திருந்த எண்ணத்தை இந்த முறை ஓரளவு மாற்றிக்கொண்டேன். பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் நாய்க்கு உதவாத இடங்கள் என்பதில் ஐயமில்லை. வரிசையில் நிற்கும் கூட்டம், எண்ணெய் வழுக்கும் தரை, தின்பண்டத்தைப் பறிக்கும் குரங்குகள், அந்தக் குரங்குகளைப் பார்த்துவிட்டால் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாயும் நாய். போதாக்குறைக்கு அருவித் தண்ணீரை நம்பவும் முடியாது. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் நொடிப்பொழுதில் வந்த காட்டாற்று வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோயிற்று. ஆனால் அருவியை மறந்துவிட்டு ஊரை மட்டும் பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் நெல்லையும் பாளையங்கோட்டையும் வெந்துகொண்டிருக்கும்போது, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரலும் காற்றும் இலஞ்சி, மேலகரம், பண்பொழி வட்டாரத்தை நாள் முழுதும் குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன. நாய்க்கு உடம்பெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே அதற்கு இந்தக் குளிர்ச்சி நமக்குத் தருவதைவிடப் பெரிய உதவி.

அங்கே தங்குவதில் உள்ள சிக்கல் கூட்டமும் விலையும். சீசன் காலத்தில் சனி, ஞாயிறுகளில் தென்காசியிலிருந்து குற்றாலம் வரை கார்கள் ஊர்ந்து செல்லும். "நாய் இருந்தா பரவாயில்ல சார், கூட்டிட்டு வாங்க" என்று தொலைபேசியில் இனிக்கச் சொன்ன ஒரு விடுதிக்காரர், முன்பணத்தையும் வாங்கிக்கொண்டு, நாங்கள் நேரில் போய் நின்றபோது செவலையின் உயரத்தைப் பார்த்துவிட்டு, "நான் சின்ன நாய்னு நெனச்சேன்" என்று கையை விரித்தார். அன்றிலிருந்து நாயின் படத்தை வாட்சாப்பில் அனுப்பி, நாய் அறைக்குள் தங்கலாமா அல்லது வாசலில் கட்ட வேண்டுமா, கூடுதல் கட்டணம் எவ்வளவு, அக்கம்பக்கத்தில் அவர்களுடைய நாய் உண்டா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் அனுப்புகிறேன். சாரலில் கூடாரத்தை விட ஓட்டுக் கூரையுள்ள தோட்ட வீடே நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நனைந்த துணிக்குள் நனைந்த நாயோடு ஓர் இரவைக் கழித்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். செவலை சிப்பிப்பாறை நாய் இனத்தின் வழி வந்தவன். தோல் மெல்லியது, ரோமம் குட்டையானது, கொழுப்பு என்று சொல்ல உடம்பில் எதுவும் கிடையாது. ஈரக்காற்றில் அரை மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கிவிடுவான். ராஜபாளையம், கன்னி வகைகளுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான்.

இனி ஆறு. தாமிரபரணி பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மகாதேவி வரையுள்ள நீளத்தில் இரு கரையிலும் தென்னை, வாழை, மாமரத் தோப்புகளும் அவற்றுக்கிடையே வயல்களும் கிடக்கின்றன. தோப்புக்காரரின் அனுமதியோடு பட்டா நிலத்தில் பம்புசெட் அருகே கூடாரம் போடுவதுதான் நான் சொல்லும் ஆற்றங்கரைத் தங்கல்; ஆற்றுப் புறம்போக்கிலோ மணல் திட்டிலோ போடுவது அன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது இந்த ஆறு கரைமேல் எதுவரை ஏறியது என்பதற்கான அடையாளம் பல தோப்புகளின் சுவர்களில் இன்னும் இருக்கிறது. நாங்கள் முன்பு ஒருமுறை தங்கிய தோப்பின் மோட்டார் அறையில் என் மார்பளவு உயரத்தில் ஒரு சேற்றுக் கோடு. அதைப் பார்த்த பிறகுதான் கூடாரத்தை இன்னும் அறுபது அடி மேலே தள்ளிப் போட்டோம்.

என் அளவுகோலின்படி இந்த இடத்துக்கு மதிப்பெண் அதிகம். காலையில் நடை வரப்பில்; குளியல் படித்துறையை விட்டு விலகிய ஆழமில்லாத இறக்கத்தில்; வெயில் ஏறினால் தென்னை நிழல்; பம்புசெட் தொட்டியில் எந்நேரமும் தண்ணீர். நாயை விட்டுவிட்டுப் போக வேண்டிய தேவை நாளுக்கு ஒரு முறை வந்தால் அதிகம். அதுவும் கோயிலுக்குப் போனால்தான். பைரவருக்கு வாகனம் நாய் என்றாலும் நம் கோயில் வாசலில் அந்த வாதம் எடுபடாது. ஒருவர் உள்ளே போகும்போது ஒருவர் தேரடியில் நாயோடு நிற்பது, பிறகு மாற்றிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். காரில் பூட்டிவிட்டுப் போகும் எண்ணம் மட்டும் யாருக்கும் வரக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி கூடிவிடும், கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் பயன் பெரிதாக ஒன்றும் இல்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்து எழுத விருப்பமில்லை. முதலாவது மயில். தோப்புகளிலும் வயல்களிலும் இப்போது மயில்கள் கோழிகளைப் போலத் திரிகின்றன. தேசியப் பறவை என்பதோடு அது வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். கண்ணால் கண்டு துரத்தும் இனத்து நாய் ஒன்று மயிலைக் கவ்விவிட்டால் அது வேடிக்கையாக முடியாது. முயல் வேட்டைக்குப் பேர்போன இனம் என்பதால், செவலை போன்ற நாயோடு வயக்காட்டில் விடியற்காலை நடப்பவனைப் பார்க்கும் கண்களும் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வேட்டை சட்டப்படி குற்றம் என்பதால் அந்தச் சந்தேகத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆகவே சங்கிலியைக் கழற்றுவதே இல்லை. இருபதடி நீளமுள்ள நைலான் கயிறு ஒன்றை வைத்துக்கொண்டால் நாய்க்கு ஓடிய நிறைவும் கிடைக்கும், நமக்குக் கட்டுப்பாடும் இருக்கும். இரண்டாவது, வயலுக்கு அடிக்கும் மருந்தும் எலிக்கு வைக்கும் விஷமும். எந்த வயலுக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று தோப்புக்காரரிடம் கேட்காமல் நாயை வாய்க்கால் தண்ணீர் குடிக்க விடக் கூடாது. தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பும் உண்டு. அதற்கான தடுப்பூசி நாய்களுக்கு வழக்கமாகப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்வது நல்லது. மூன்றாவது, கண்ணாடிவிரியன். அறுப்பு முடிந்த வயலில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் விரியன் இருக்கும். இருட்டிய பின் டார்ச் விளக்கு இல்லாமல் நாயைச் சிறுநீர் கழிக்கக்கூட அழைத்துச் செல்ல வேண்டாம். நான்காவதாக ஆற்றின் கசங்கள், அதாவது மடுக்கள். மேலே பார்த்தால் அமைதியாக இருக்கும், இரண்டு எட்டு வைத்தால் ஆள் ஆழம். எந்த இறக்கம் பாதுகாப்பானது என்பதை அந்த ஊர் ஆள் சொன்னால் மட்டுமே நம்ப வேண்டும்.

இந்த நீளத்திலேயே திருப்புடைமருதூரைச் சுற்றி மட்டும் கூடாரம் போட வேண்டாம் என்பேன். நறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக அந்த இடம் 2005-இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கூட்டிலிருந்து குஞ்சு தவறி விழும் மரத்தடிக்கு நாயோடு போவது முறையாகாது.

தோப்பில் எங்களுக்குக் காவலிருந்த பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் மாலை அவர் செவலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாப்பாட்ட அவனுக்கு மொதல்ல வச்சிருங்க தம்பி, பெறவு நீங்க சாப்பிடுங்க, இல்லன்னா ராத்திரி பூரா அடுப்பத்தான் பாத்துட்டு கெடப்பான்" என்றார். அதுவே நடந்தது. சோதியில் (தேங்காய்ப்பால் குழம்பில்) சின்ன வெங்காயம் இருக்கிறது, வெங்காயம் நாய்க்கு ஆகாது என்று சொன்னபோது, அவர் தன் தூக்குவாளியிலிருந்து வெறும் சோற்றையும் தயிரையும் எடுத்துப் பிசைந்து வாழையிலையில் வைத்தார். செவலை இலையையும் பாதி தின்றுவிட்டான். அல்வா கேட்டு நின்றபோது மட்டும் இருவருமே இரங்கவில்லை; அவ்வளவு நெய் நாயின் வயிற்றுக்குத் தாங்காது, உலர்திராட்சை கலந்த எந்த இனிப்பும் நாய்க்கு நஞ்சுதான்.

கடற்கரை என் மகனின் தேர்வு. பாபநாசத்துக்கு அடுத்தபடி அவன் கேட்டது மணப்பாடு. வளைந்து உள்வாங்கிய கடல், அதன் மேல் நிற்கும் மணல்மேடு, உச்சியில் திருச்சிலுவைத் திருத்தலம், 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை என்று பார்ப்பதற்கு அங்கே நிறைய இருக்கிறது. உவரியில் கப்பல் மாதா ஆலயமும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் அடுத்தடுத்து. நாய்க்கோ இவை எதுவும் பொருட்டில்லை. நீளமான ஈர மணலில் ஓட்டம், அலை நுரையைக் கடிப்பது, நண்டு வளையைத் தோண்டுவது: அதிகாலை ஐந்தரை முதல் எட்டு வரை இதைவிட நல்ல இடம் நெல்லைச் சீமையில் கிடையாது என்று செவலையின் வாலே சாட்சி சொல்லும். எட்டு மணிக்குமேல் கதை மாறிவிடும். மணலின் மேல் புறங்கையை வைத்து மெல்ல ஏழு எண்ணுங்கள். அதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் அந்த மணல் நாயின் பாதத்துக்கு ஆகாது. நிழல் என்று சொல்லப் பனைமரம் மட்டுமே. பனையின் நிழல் நின்று உட்காரும் நிழலா என்ன?

கடற்கரையில் நாய்க்கான ஆபத்துகள் ஆற்றங்கரையைவிட வேறு மாதிரியானவை. வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் கரையில் உப்பிக் கிடக்கும். அதன் நஞ்சு மனிதனையே கொல்லக்கூடியது. காய்ந்து கருவாடாகிக் கிடந்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் நாயுடையவர்கள் வாய்க்கூடை மாட்டியே கரையில் இறங்க வேண்டும். தூண்டில் முள்ளும் அறுந்த நைலான் வலையும் காலில் சிக்கும். கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றுப்போக்கில் விழும் நாய்கள் உண்டு என்பதால் ஓட்டத்துக்கு முன்பே வயிறு நிறைய நல்ல தண்ணீர் காட்டிவிட வேண்டும். மீன் இறக்கும் இடங்களில் ஊர் நாய்கள் கூட்டமாக இருக்கும். அவற்றின் எல்லைக்குள் அந்நிய நாய் நுழைந்தால் சண்டை நிச்சயம். படகுகள் நிற்கும் இடத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இறங்குவதே அறிவு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறும் காலம் என்பதால், மணலைத் தோண்டும் பழக்கமுள்ள நாயை மேல்கரையில் அவிழ்த்துவிடவே கூடாது. இரவுக் கூடாரத்தையும் இதே காரணத்தால் கடற்கரையில் போட நான் விரும்பவில்லை. மேலும் ஆனி முதல் ஆவணி வரை பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் வழியாக இறங்கும் காற்று உவரிக் கரை வரை மணலை வாரி அறையும். காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பது சும்மாவா? முளை எவ்வளவு ஆழமாக அடித்தாலும் கூடாரம் நிற்காது.

கடலுக்குப் பின்னால் சாத்தான்குளம், உடன்குடி, காயாமொழி பக்கம் கிடக்கும் தேரியைப் பலர் படம்பிடிக்க விரும்புகிறார்கள். செக்கச் சிவந்த மணல், பனை, முந்திரி, உடைமரம். படத்துக்கு நல்லது, நாய்க்குப் பத்து மணிக்கு மேல் அடுப்பு. நெருஞ்சி முள் ஒவ்வோர் அடிக்கும் விரலிடுக்கில் ஏறும், மணலுக்குள் சுருட்டை விரியன் இருக்கும். காலையில் ஒரு மணி நேரம் நடக்கலாம், தங்குவதற்கு இல்லை.

பயணத்தையும் மருத்துவத்தையும் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். சென்னையிலிருந்து வருபவர்கள் ரயிலில் நாயைக் கொண்டுவர இரண்டே வழிகள்தான். முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் இருவர் அல்லது நால்வர் படுக்கையுள்ள அறையை முழுதாகப் பதிவு செய்து தங்களோடு வைத்துக்கொள்வது ஒன்று; பார்சலாகப் பதிவு செய்து கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அனுப்புவது மற்றொன்று. இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் தூங்கும் வசதிப் பெட்டியிலும் அனுமதி கிடையாது. கூண்டில் ஓரிரவு கிடந்து வந்த நாய் அடுத்த நாள் முழுதும் யாரையும் ஏறெடுத்துப் பார்க்காது என்பதால், கார் உள்ளவர்கள் காரிலேயே வருவதுதான் மேல். தடுப்பூசிச் சான்றிதழ் எப்போதும் கையில் இருக்க வேண்டும். ரேபிஸ் ஊசி ஆண்டு தவறாமல் போட்டிருக்க வேண்டும். அவசரத்துக்கு, நெல்லை ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. சேரன்மகாதேவிப் பக்கத்துத் தோப்பிலிருந்து அங்கே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மணப்பாட்டிலிருந்து அதைப் போல இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். பாம்பு கடித்த நாய்க்கு அந்த ஒரு மணி நேர வித்தியாசம் சிறிய வித்தியாசமில்லை.

ஆக, இடத்தைவிட மாதமே முதலில் முடிவாக வேண்டியது என்பது எனக்குத் தெளிவாயிற்று. ஐப்பசி, கார்த்திகையில் எங்கேயும் கூடாரம் வேண்டாம், அடைமழை. சித்திரை, வைகாசியில் நாயோடு வெளியே கிளம்பவே வேண்டாம். ஆனி, ஆடியில் விடுமுறை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இலஞ்சிப் பக்கம் ஓட்டுக்கூரையுள்ள தோட்ட வீடு, அதுவும் திங்கள் முதல் வியாழன் வரை. தை, மாசியில் கிடைத்தால் ஆற்றங்கரைத் தோப்பு. மழைக்காலத் தண்ணீர் ஆற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், பிசான நெல் அறுவடையை நெருங்கியிருக்கும், இரவில் போர்வை தேவைப்படும் அளவுக்குக் குளிரும் இருக்கும். தையில் திருச்செந்தூர் சாலை முழுதும் பாதயாத்திரைக் கூட்டம், தை மாதக் கடைசியில் உவரி அந்தோணியார் கோயில் திருவிழா என்பதால், இரண்டில் மாசியே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. மாசியிலும் திருச்செந்தூரில் திருவிழா உண்டு. மணப்பாட்டுக்குச் சாத்தான்குளம், உடன்குடி வழியாகப் போனால் அந்த நெரிசலைத் தொடாமல் போய்விடலாம்.

மகனுக்கு இது முழு நிறைவு தரவில்லை. அகத்தியர் அருவியில் குளிக்காமல் என்ன விடுமுறை என்று கேட்டான். இரண்டாம் நாள் காலையில் அவனும் அவன் அம்மாவும் பாபநாசம் போய்க் குளித்துவிட்டு வருவது, நானும் செவலையும் தோப்பில் இருப்பது. மூன்றாம் நாள் விடியலுக்கு முன்பே நால்வரும் மணப்பாட்டுக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் கரையைவிட்டு ஏறி, உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது என்று பேசி முடித்திருக்கிறோம். நேற்று தோப்புப் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து மாசி முதல் வாரத்தைச் சொன்னேன். வாடகையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "அறுப்புக்கு ஆள் வரும், பயப்படாம இருப்பானா?" என்று மட்டும் கேட்டார்.